மூடிக்குத் தடவிய கிரீஸ்

நெய்வேலி சுரங்கத்தில் பதினைந்து வருடம் பம்புகளோடு மாரடித்த கான்ட்ராக்ட் ஃபிட்டர் நான். மூன்று பேரை ஆழ்கடலுக்குள் இறக்கும் ஆய்வு நீர்மூழ்கிக்கு ஃபிட்டர் தேவை என்றார்கள், போனேன். அங்கேயும் கான்ட்ராக்ட்தான். என் ஜாதகம் அப்படி!

நீர்மூழ்கியை ஏற்றிப் போகும் கப்பலில் எனக்குக் கொடுத்த வேலை சின்னது. ஆட்கள் உள்ளே போகும் மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, மெல்லிசாக கிரீஸ் பூச வேண்டும். பூசியது கண்ணுக்கே தெரியக் கூடாதாம். இதற்கு ஒரு மாதப் பயிற்சி வேறு. பம்பு பிரித்தவனுக்கு ரப்பர் துடைக்கக் கற்றுத் தருகிறார்களே என்று எனக்கு எரிச்சல்.

சுரங்கத்தில் எங்கள் கணக்கே வேறு. கிரீஸ் வெளியே பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால், "கம்பெனி கிரீஸ ஊட்டுக்கு எடுத்துகினு போறியா?" என்பார் ஃபோர்மேன்.

அன்று காலை, கை பழைய புத்தியில் போய்விட்டது. தாராளமாக அப்பினேன், சரிபார்த்ததாகத் தாளில் கையெழுத்தும் போட்டேன். நீர்மூழ்கியை ஓட்டும் பெண்ணும் இரண்டு விஞ்ஞானிகளும் உள்ளே இறங்கினார்கள். மூடியைச் சாத்தினோம். கிரேன் கொக்கியை மாட்டும்போது பார்த்தேன், மூடியின் ஓரத்தில் கிரீஸ் பிதுங்கி நின்றது. ஒரு நொடி திருப்தியாக இருந்தது. அடுத்த நொடிதான் உறைத்தது. அவ்வளவு கிரீஸுக்குள் ஒரு தூசு இருந்தால்கூட விரலுக்குத் தெரிந்திருக்காது. தண்ணீர் உள்ளே வர அது போதும்.

சொன்னால் வேலை போகும். வேலைக்குச் சேர்ந்தே மூன்று மாதம்தான். நிஜமாகவே பயந்தேன்.

"நிறுத்துங்க! மூடியத் தொறங்க, தப்பு என்னுது!" என்று கத்தினேன்.

திறந்தார்கள். கிரீஸை வழித்து வெள்ளைத் துணியில் பரப்பினால், ஒரு முடி. பாதி நரைத்தது. சந்தேகமே இல்லை, என் தலைமுடிதான்.

அதற்குள் அலை ஏறிவிட்டது, அன்றைய இறக்கம் ரத்து. அதிகாரி வாய்க்கு வந்தபடி திட்டினார், வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் திட்டவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, நான் உள்ள உக்காந்திருந்தேன்" என்றாள்.

அன்று மாலையே தலையை மழித்துக்கொண்டேன்.

லீவில் மந்தாரக்குப்பம் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள். "எந்த சாமிக்குங்க மொட்ட? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

நடந்ததைச் சொன்னேன். முடி என்றதும் சிரித்தவள், பிறகு சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு அப்பறம் கடல்ல எறங்குச்சா?"

"மறுநாளே எறங்கி, சாயங்காலம் நல்லபடியா ஏறி வந்துச்சு. மூடிய நான்தான் சாத்துனேன்."

"உங்களப் போயி மறுபடியும் தொட வுட்டாங்களா?"

"அதிகாரி வேணாம்னுதான் சொன்னாரு. அந்தப் பொண்ணுதான் என்னக் கூப்புட்டுச்சு."