மொட்டை மாடியில் ஒரு கனூ

டில்லி மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஒரு கனூ வந்து இறங்கிய அன்று, மொத்த பிளாக்கும் பால்கனிக்கு வந்து வேடிக்கை பார்த்தது. கனூ என்றால் ஒற்றை ஆள் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு. சாணக்யபுரியில் ஏதோ ஒரு தூதரகத்துக்காரர் மாற்றலாகிப் போகும்போது வீட்டுச் சாமானையெல்லாம் விற்றிருக்கிறார். எல்லாரும் ஃபிரிட்ஜுக்கு முண்டியடிக்க, என் சித்தப்பா மட்டும் இதை வாங்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். படிக்கட்டு வளைவில் திரும்ப மாட்டேன் என்று அது அடம்பிடித்ததால், கயிறு கட்டி மொட்டை மாடிக்குத் தூக்கினார்கள். கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி அது புது மாதிரி தண்ணீர்த் தொட்டி என்று நினைத்து, மூடி எங்கே என்று விசாரித்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. அப்பாவைப் போலவே அவருக்கும் மத்திய சர்க்காரில் குமாஸ்தா வேலை. எங்களுடையது இரண்டே அறை வீடு. அடைத்த பால்கனியில் ஒரு கட்டில், அதுதான் அவருடைய இடம். அதற்குக் கதவு கிடையாது. குளியலறைக்குப் போகிறவர்கள் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் ஹோம்வொர்க் எழுதுவது அந்தக் கட்டிலில், அம்மா காய்ந்த துணி மடிப்பது அந்தக் கட்டிலில், ஊரிலிருந்து யாராவது வந்தால் அவர்கள் படுப்பதும் அந்தக் கட்டிலில்தான். அவர் ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு வாரம் தன்னந்தனியாகக் கங்கையில் போகப் போகிறேன் என்றார். பிஜ்னோரில் படகை இறக்கி, நாணல் காடுகள் வழியாக நரோரா வரை. ஆபீஸ் விட்டு வந்ததும் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஆற்றை நீல மையில் வளைத்து வளைத்து வரைவார். நான்தான் அசிஸ்டென்ட். ஊர்களை விட்டுத் தள்ளி, ஆள் அரவமில்லாத மணல்திட்டுகளாகப் பார்த்து சிவப்பு வட்டம் போட்டார். அவையெல்லாம் பேஸ் கேம்ப். கூடாரத்தையும் அரிசி பருப்பையும் அங்கே வைத்துவிட்டு, பகல் முழுக்க வெறும் படகோடு சுற்றிவிட்டு, பொழுது சாய்ந்தால் திரும்பி வரலாம் என்று விளக்கினார்.

"தனியா என்ன செய்வீங்க சித்தப்பா?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றார், அத்தனை சந்தோஷமாக.

எனக்குப் பாவமாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பேசினால் தனியாக வெளியே நிற்க வைப்பார்கள். அந்தத் தண்டனையை ஒருவர் லீவு போட்டு வாங்கிக்கொள்வாரா?

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அங்க நம்ம ஆளு யாருலே இருக்கா?"

இது எங்கள் வீட்டுச் சட்டம். டில்லியிலிருந்து ஊருக்கு ரயில் ஏறினால், போபாலில் ஒரு குடும்பம் இட்லிப் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் நிற்கும், நாக்பூரில் இன்னொரு குடும்பம் தயிர்சோற்றோடு நிற்கும். நாங்களும் அப்படி எத்தனையோ பேருக்குத் தூக்குச்சட்டியோடு ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறோம். ரயிலுக்கு உள்ள சட்டம் ஆற்றுக்கு இல்லாமல் போகுமா? அம்மா காலண்டரை ஒரு பார்வை பார்த்தாள். "பேஸ் கேம்ப்னா இதான? நான் பாத்துக்கிடுதேன்" என்று போனை எடுத்தாள்.

அம்மா போனை எடுத்தால் ஆகாத காரியம் இல்லை. இரண்டே நாளில் சிவப்பு வட்டம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்து ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் அகப்பட்டுவிட்டது. கட்முக்தேஷ்வரில் சங்கரன்கோவில்காரர் ஒருவர் பாங்க் ஆபீசர். அனூப்ஷஹரில் ஒரு என்ஜினியர் வீட்டு அக்கா. நரோரா டவுன்ஷிப்பிலோ சித்தப்பாவை யார் வீட்டில் தங்க வைப்பது என்று போட்டி. பாங்க் ஆபீசர், தம்பி படகில் வரட்டும், நான் கரையோரமாக ஸ்கூட்டரில் துணைக்கு வருகிறேன் என்றார். அதோடு விட்டார்களா? ஒருவருக்குக் கறிவேப்பிலை, ஒருவருக்கு முறுக்கு அச்சு, இன்னொருவருக்குக் குக்கர் கேஸ்கட் கொண்டு வர வேண்டுமாம். கட்டிலடியில் பை மேல் பையாகச் சேர்ந்து, சித்தப்பாவின் கனூ சரக்குக் கப்பலாகிக்கொண்டிருந்தது.

அவர் ஒவ்வொன்றுக்கும் "சரி மதினி" என்றார். முகம் மட்டும் நாளுக்கு நாள் சுண்டிப்போனது. ஒருநாள் காலண்டரைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, "இதுக்கு இங்கயே இருந்துரலாம்" என்று என்னிடம் சொன்னார். அசிஸ்டென்ட் வேலை போய்விடுமோ என்று எனக்குப் பகீரென்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மொட்டை மாடியில் நல்ல குளிர்கால வெயில். சித்தப்பா கனூவுக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மடியில் துடுப்பு. பக்கத்தில் நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். துணி எடுக்க வந்த அம்மா அவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

சித்தப்பா கண் திறந்து, பதறி எழுந்தார். பிறகு என்ன தோன்றியதோ, "மதினி, ஒரு தடவை உக்காந்து பாருங்க" என்றார்.

"அய்யே, யாராவது பாத்தா சிரிப்பாங்க தம்பி."

"யாரும் வராம நான் பாத்துக்கிடுதேன்."

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடி உள்ளே இறங்கி உட்கார்ந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் ஏறப் போனேன். சித்தப்பா என் கையைப் பிடித்து, "ஜல்தி, கீழ வா" என்று இழுத்துக்கொண்டு போய், மாடிக் கதவைச் சாத்தினார்.

கீழே அப்பா டீ கேட்டார். சித்தப்பாவே போட்டுக் கொடுத்தார். பஞ்சாபி ஆன்ட்டி சர்க்கரைக்கு வந்தார், சித்தப்பாவே அளந்து கொடுத்து, பாபிஜி, அதாவது அம்மா, வேலையாக இருக்கிறார் என்று அனுப்பினார். நான் மாடிக்குப் போகிறேன் என்று எழுந்தபோதெல்லாம் ஒரு கணக்கைக் கொடுத்து உட்கார வைத்தார்.

வெயில் போன பிறகுதான் அம்மா இறங்கி வந்தாள். வெறுங்கையோடு. எடுக்கப் போன துணியெல்லாம் கொடியிலேயே கிடந்து பனியில் நனைந்தது. நேராகப் போய் போனை எடுத்தாள்.

"இல்லக்கா, தம்பி வரல. புரோகிராம் கேன்சல்."

அப்பா கடைக்குப் போயிருந்த நேரம், ஒருவர் விடாமல் எல்லாருக்கும் இதையே சொன்னாள். கட்டிலடியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். பரணிலிருந்த காலண்டரை எடுத்துத் தூசி தட்டி, சித்தப்பாவின் தலையணைமேல் வைத்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு மனுஷனை முதலை இருக்கிற ஆற்றுக்கு அனுப்புகிறாள், வழியில் ஒரு வாய் சோறு போட ஆள் இல்லாமல் பண்ணுகிறாள். நீ கெட்ட அம்மா என்று கத்தி அழுதேன். "சும்மா கெட, ஏட்டி" என்றாள். அப்பா திரும்பி வந்து ஏற்பாடு பற்றிக் கேட்டபோது, எல்லாரிடமும் பேசியாயிற்று என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை.

சித்தப்பா போனார். ஒரு வாரம் அந்தக் கட்டில் காலியாகக் கிடந்தது, நான் அதில் உட்காரவே இல்லை. கறுத்து, தாடியோடு, முழுசாகத் திரும்பி வந்தவரைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதேன். அப்பா, எந்த வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்தது என்று விசாரித்தார். "எல்லா எடத்துலயும் ஒரே ருசிதாண்ணே" என்றார் சித்தப்பா, அம்மாவைப் பார்க்காமல்.

பிறகு அடுக்களை வாசலில் வந்து நின்றார். நான் முதலைக் கதைக்காக ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். அம்மா திரும்பாமலே, "அங்க சத்தமே இருக்காதோ தம்பி?" என்று கேட்டாள்.

"காலையில ஒண்ணுமே கேக்காது மதினி. துடுப்பத் தூக்குனா, அதுலருந்து தண்ணி சொட்டுத சத்தம் மட்டும் கேக்கும். யாரும் கூப்பிட மாட்டாங்க."

குக்கர் விசில் அடித்தது. அம்மா அணைக்கவில்லை. மறுபடியும் அடித்தது. நான்தான் எழுந்து போய் அணைத்தேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் அம்மா.

அவரும் சொன்னார், அதையே, ஒரு வார்த்தை மாறாமல். முதலையும் இல்லை, ஒன்றும் இல்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதையே இல்லாத ஒன்றை எதற்காக இரண்டாம் தடவை கேட்கிறாள் என்று சலித்துப்போய், நான் விளையாட ஓடிவிட்டேன்.