அண்ணாச்சி பாதியில் எழுந்து போன படம்

நடந்தது இதுதான்:

1. எங்கள் திரைப்படக் குழுவில் அந்த மாதம் படம் தேர்ந்தெடுக்கும் முறை என்னுடையது. வேலை போன ஐந்து ஆண்கள் பெண்களுக்கு முன்னால் ஒவ்வொரு துணியாகக் கழற்றி ஆடிப் பிழைக்க முடிவெடுக்கும் ஒரு வெளிநாட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். சிரிப்பும் வருத்தமும் கலந்த படம்.

2. குழுவின் வழக்கப்படி மூத்த உறுப்பினர் ஒருவர் படத்தை முன்கூட்டியே பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவர் பாதி பார்த்துவிட்டுச் சரி என்றார்.

3. அத்துடன் நிற்காமல், எங்களுக்கு ஹால் கொடுத்திருக்கும் அண்ணாச்சிக்குப் போன் செய்து, தொழிலாளர் படம், குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைத்துவிட்டார்.

4. அண்ணாச்சி முதல்முறையாக மனைவியுடன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

5. படத்தின் நடுவே எழுந்து கீழே போய்விட்டார்.

6. மனைவி போகவில்லை.

நான் பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒன்று எங்கெங்கே உடையும் என்று வரிசையாக யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒன்று உடையும் என்று எனக்குத் தெரிந்தேயிருந்தது. அண்ணாச்சி முன்வரிசைக்கு வருவார் என்பது மட்டும் என் வரிசையில் இல்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய பாத்திரக் கடை இருக்கிறது. மாடியில் அண்டாக்கள் அடுக்கி வைத்திருந்த நீளமான ஹால். காலி செய்த பிறகும் அட்டைப்பெட்டி வாசனை போகவில்லை. அதை மாதம் ஒரு ஞாயிறு மதியம் எங்களுக்கு விட்டிருந்தார். ஒரே நிபந்தனை, அசிங்கமாக எதுவும் போடக் கூடாது. முன்கூட்டியே பார்க்கும் வழக்கம் அதனால்தான் வந்தது.

அதற்கு முன்னால் நாங்கள் மூன்று இடம் மாறியிருந்தோம். கோட்டூர்புரத்துக் குடியிருப்பின் சங்க அறையைப் பிறந்தநாள் விழாக்கள் எடுத்துக்கொண்டன. திருவான்மியூர் மொட்டைமாடியில் கடல் காற்று திரையைக் கப்பல் பாயாக்கியது. அடையாறு காபிக் கடையில் வசனம் முக்கியமாகும் ஒவ்வொரு இடத்திலும் மிக்சி ஓடியது. ஒவ்வொரு முறை மாறும்போதும் பாதிப் பேர் உதிர்ந்தார்கள். பாத்திரக் கடை மாடியும் போனால் குழு இருக்காது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாரம் முழுக்க அலுவலகத்தில் நான் வாக்கியத்தை ஆரம்பித்தால் வேறு யாரோ முடிப்பார்கள். நான் முடிக்கும் வரை கேட்கிற அறை இது ஒன்றுதான்.

முன்கூட்டியே பார்த்த மூத்த உறுப்பினரை யூனியன் சார் என்போம். வங்கி ஊழியர் சங்கத்தில் பல காலம் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். படம் ஓர் ஆற்றங்கரை ஊரில் நடக்கிறது. ஆற்றின் மேல் பாலம் திறந்ததும் படகுத்துறை மூடப்படுகிறது. படகில் வேலை செய்தவர்கள் வாசலில் நின்று கோஷம் போடுகிறார்கள். யூனியன் சார் அதுவரை பார்த்திருக்கிறார். கண் கலங்கிவிட்டதாம். மீதியையும் பாருங்கள் சார் என்று நான் சொன்னேன்.

"எதுக்கும்மா? அப்புறம் தொழிலாளி என்ன செய்வான்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

என்ன செய்வார்கள் என்று சொன்னேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, அண்ணாச்சிக்குப் போன் போட்டார்.

ஞாயிறன்று புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டது என் அலுவலக நண்பன். திருவான்மியூர்க்காரன். படகுத்துறை மூடுகிறவரை ஹாலில் மரியாதையான அமைதி. அதன் பிறகு படகுக்காரர்கள் ஐவரும் ஒரு கிடங்கில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை ஆரம்பித்தார்கள். முதல் சட்டை கழன்றதும் நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான்கு பேர் கழற்றிவிட்டார்கள். ஐந்தாவது ஆள் படகின் எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர், பெரிய தொப்பைக்காரர், முதல் பட்டனைப் பிடித்தபடியே நின்றார். ஹாலில் பெண்கள் பக்கம் சிரிப்பு ஆரம்பித்தது. அப்போதுதான் முன்வரிசையில் அண்ணாச்சியின் மனைவி அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். அவர் எழுந்தார். திரையில் அவர் நிழல் விழுந்தது, பிறகு மரப்படியில் செருப்புச் சத்தம்.

நண்பன் என் காதருகே வந்தான். "இன்னா மச்சி, கையை வெச்சு மறைக்கவா?"

புரொஜெக்டர் முன்னால் கையை வைத்து மறைப்பது எங்களுக்குப் பழக்கம்தான். முத்தக் காட்சிகளுக்குப் பலமுறை அப்படி அவன் உள்ளங்கையைத் திரையில் பெரிதாகப் பார்த்திருக்கிறோம். நான் வேண்டாம் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கடைசிக் காட்சியில் கேமரா ஆடுகிறவர்களைவிடப் பார்க்கிற பெண்களின் முகங்களைத்தான் அதிக நேரம் காட்டுகிறது. அதை மறைத்தால் படமே இல்லை. ஹால் போவதென்றால் முழுப்படம் போட்டுவிட்டே போகட்டும்.

படம் முடிந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசுவோம். பேச்சை நடத்துவதும் படம் தேர்ந்தெடுத்தவர் பொறுப்பு. நல்ல படம், மோசமான படம் என்று மொத்தமாகச் சொல்லக் கூடாது, ஏதாவது ஒரு காட்சியைப் பிடித்துத்தான் பேச வேண்டும் என்பது நான் வந்த பிறகு வைத்த விதி.

யூனியன் சார் விதியை மீறினார். இது துரோகம் என்றார். நிர்வாகத்தை எதிர்த்து நின்றவர்களைக் கடைசியில் இப்படி அம்மணமாக்கிவிட்டார்களே என்றார். ஆணுக்கு உடம்பைக் காட்டுவது போல அவமானம் உண்டா என்று கேட்டார்.

எங்கள் குழுவின் மாமி, வடக்கு மாட வீதிக்காரர், சுண்டல் பொட்டலத்தை மடித்து வைத்தார். "கொளத்தங்கரைப் பக்கம் வந்து பாருங்கோ. பாதி ஆம்பளைகள் சட்டையில்லாமத்தான் நடந்துண்டிருக்கா. எங்காத்துல காலைலேர்ந்து துண்டு மட்டுந்தான். யாருக்கும் அவமானமாத் தெரியலையே."

"மாமி, அத்த யாரும் பாக்கறதில்ல" என்றான் நண்பன்.

"பாக்கலேன்னு நீ எப்படிடா சொல்றே?"

யூனியன் சார் தன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டதைப் பார்த்து எல்லாருமே சிரித்துவிட்டோம். பிறகு பேச்சு நன்றாகச் சூடு பிடித்தது. நம் படங்களில் நாயகன் சண்டைக்கு முன் சட்டையைக் கிழித்தால் விசில் பறக்கிறது, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்டார். அவன் அடிக்கப் போகிறான், இவர்கள் சும்மா நிற்கிறார்கள் என்றேன். பெண்களுக்கு அந்தச் சும்மா நிற்பது தினசரி விஷயம், பஸ்ஸில் ஏறினால் ஆரம்பித்துவிடும், படத்தில் அது இடம் மாறுகிறது, எனக்குப் பிடித்தது அதுதான் என்றும் சொன்னேன். முடிக்கும் வரை கேட்டார்கள்.

அண்ணாச்சியின் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், அதுவரை மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததே முதல் தடவை என்பதால் நான் அவரைக் கேட்காமல் விட்டிருந்தேன். அவராகவே ஆரம்பித்தார்.

"இவுக படத்துக்குக் கோவிச்சுக்கிட்டுப் போகல. அந்த எஞ்சின்காரரு உங்கள மாதிரியே இருக்காருன்னு நான் சொன்னேன். அதுக்குத்தான் போயிட்டாக."

இந்த முறை யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. அவர் தொடர்ந்து சொன்னார். கல்யாணத்துக்கு முன் அண்ணாச்சி தி.நகரில் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளராக நின்றவர். அக்கா தன் சகோதரியின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் குடும்பத்தோடு ஊரிலிருந்து வந்திருக்கிறார். மெத்தையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி ஒவ்வொரு சேலையையும் தன் தோளில் போட்டு, முந்தி தெரிகிற மாதிரி திரும்பித் திரும்பி நின்று காட்டியிருக்கிறார்.

"அவுக என்னைப் பொண்ணு பாக்க வந்தது அப்புறந்தான். நான் முதல்லயே பாத்துட்டேன். அன்னைக்கு அத்தனை பொம்பளைக பாத்தோம், கொஞ்சமும் கூசல. இன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னதுக்கு எந்திரிச்சுப் போறாக."

எனக்கு அது அன்றைய பேச்சிலேயே சிறந்த பேச்சு. அதே நேரம் நிலைமை மோசமாகிவிட்டதும் புரிந்தது. அசிங்கப் படம் போட்டார்கள் என்ற கோபமாக இருந்தால், கடைசிக் காட்சியை விளக்கிச் சமாளிக்கலாம். இது ஊரார் சிரிக்கும்போது மனைவி காதில் சொன்ன ஒப்புமை. நாங்கள் படிகளில் இறங்கும்போது அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும், சாவியை நாளைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடச் சொன்னார்.

ஹால் சாவி எப்போதும் எங்களிடம்தான் இருக்கும். யூனியன் சார் குளக்கரை வரை என்னோடு நடந்துவந்தார். நாளைக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். வேண்டாம் சார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். படம் என்னுடையது.

மறுநாள் அலுவலகம் முடிந்து கடைக்குப் போனேன். பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா உள்பக்கம் தூக்குவாளிகளுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தார். சாவியைக் கல்லா மேசையில் வைத்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அக்கா சொன்ன எதுவும் எனக்குத் தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. படத்தில் அசிங்கம் எதுவும் இல்லை, நீங்கள் முடிவைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அண்ணாச்சி சாவியை எடுக்கவில்லை. வந்த வாடிக்கையாளருக்கு ஓர் இட்லிக் கொப்பரையைத் தட்டிக் காட்டி, பில் போட்டு அனுப்பினார். பிறகு கேட்டார்.

"அந்தத் தடியன் கடைசில சட்டையைக் கழட்டுனானா, இல்லையா?"

நான் அவருக்குச் சொன்னேன். நின்றுபோன படகின் மேல்தளத்தில்தான் ஆட்டம். விளக்குகளுக்குக் கரண்ட் படகின் பழைய எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சின்காரர் ஆட மறுத்து, நான் கீழே எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கிவிடுகிறார். மேலே ஆட்டம் நடக்கிறது. கீழே எஞ்சின் கொதிக்கிறது. அவர் சூடு தாங்காமல் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அதோடு போராடுகிறார். இனி முடியாது என்றானதும், எஞ்சின் நிற்கப் போகிறது என்று எச்சரிக்க அப்படியே மேலே ஓடி வருகிறார். நேராக வெளிச்சத்தின் நடுவில்.

பெயர் வெட்டும் மெஷின் நின்றுவிட்டது. கடையில் வேலை செய்த இருவரும் அருகே வந்திருந்தார்கள்.

"ஜனம் சிரிச்சுதா?"

"இல்ல அண்ணாச்சி. ஒரு நிமிஷம் அமைதி. அவர் குனிஞ்சு தன்னைப் பாத்துக்கறார். திரும்பி ஓடலை. கையை விரிச்சு ஒரு சுத்து சுத்தறார். மொத்தப் பேரும் எழுந்து நின்னு கை தட்டறாங்க. அப்பதான் எஞ்சின் நின்னு இருட்டாகுது. நம்ம ஹால்லயும் கை தட்டினாங்க."

அண்ணாச்சி உள்பக்கம் திரும்பினார். "கை தட்டுனாங்களா? நீ சொல்லவேயில்ல."

"நீங்க கேக்கவேயில்ல" என்றார் அக்கா, தூக்குவாளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மற்ற நாலு பேர் எப்படி ஆடினார்கள் என்று கேட்டார். வேகமாக, வந்ததுமே கழற்றிவிட்டார்கள் என்றேன். தலையை ஆட்டினார். "தப்பு. முதல்லயே முந்தியைக் காட்டிட்டா அப்புறம் எவ உக்காந்திருப்பா?" என்றார். தோளிலிருந்த துண்டை அறியாமல் ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொண்டார். அக்கா இப்போது நிமிர்ந்து பார்த்தார். நான் அங்கே இருந்த அண்டாவைப் பார்த்தேன்.

சாவியை என் பக்கம் தள்ளினார். இரண்டு நிபந்தனை போட்டார். யூனியன் சாரை இனிப் படம் பார்த்துச் சரி சொல்ல விடக் கூடாது. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நான் கடைக்கு வந்து முழுக் கதையையும் முடிவு உட்பட அவருக்குச் சொல்ல வேண்டும். முதல் நிபந்தனையை யூனியன் சாரிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் அதை ஒருதலைப்பட்ச நடவடிக்கை என்றார், ஆனால் ஒப்புக்கொண்டார். இரண்டாவது எனக்குப் பிடித்தே இருந்தது. தயாரிப்பாளர் முன்னால் உதவி இயக்குநர்கள் கதை சொல்லுவார்களே, அதை நான் குடங்களுக்கு நடுவில் நின்று செய்கிறேன். கடையில் கூட்டம் இருந்தால் வாடிக்கையாளர்களும் நின்று கேட்கிறார்கள். ஒரு பெண் பாதியில் பஸ் பிடிக்கப் போக வேண்டியிருந்தது, முடிவை மட்டும் முதலில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

இப்போதைய நிலை: ஹால் எங்களிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு படங்கள் போட்டிருக்கிறோம். இரண்டுக்கும் அண்ணாச்சியும் அக்காவும் முன்வரிசையில் கடைசிவரை இருந்தார்கள். இந்த மாதப் படத்தின் கதையைப் போன சனிக்கிழமை சொல்லிவிட்டேன். முடிவு சரியில்லை என்கிறார், இன்னும் சரி சொல்லவில்லை. நாளை மாலை திரும்பவும் போகிறேன்.