எங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு பொன்னாடை

அரசாங்கத்தை மூடப்போகிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னால், எனக்கு இன்றும் முதலில் ரவா உப்புமா வாசனைதான் மூக்கில் ஏறும். டெக்சாஸில் என் அக்கம்பக்கத்தார் பங்குச்சந்தையை நினைத்துக் கவலைப்படும்போது நான் அடிப்பிடித்த வாணலியை நினைத்துக் கவலைப்படுவேன்.

காரணம், பிஸ்கட்டவே என்ற ஊரில் நான் நான்காம் வகுப்புப் படித்தபோது வந்த ஒரு குளிர்காலம். சித்தி கல்யாணத்துக்காக அம்மா ஈரோடு போயிருந்தாள். திரும்பி வர பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை வேண்டும். அந்த நேரம் பார்த்து வாஷிங்டனில் சண்டை. காங்கிரஸ் என்கிற அந்த நாட்டு நாடாளுமன்றம் அனுப்பிய பட்ஜெட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அதிபர். அவர் கேட்கிற மாதிரி எழுதித்தர மாட்டோம் என்றது காங்கிரஸ். செலவுக்கு அனுமதி இல்லாமல் அலுவலகங்கள் பூட்டிக்கொண்டன. சென்னையில் விசா கொடுக்கும் ஜன்னலும் சாத்திக்கொண்டது. அம்மா அந்தப் பக்கம். நானும் அப்பாவும் உப்புமாவும் இந்தப் பக்கம்.

கொடுமை என்னவென்றால், அப்போதுதான் பள்ளியில் அந்தப் பாடம் நடந்திருந்தது. சட்டம் எழுத ஒரு கூட்டம், நடத்த ஒருவர், நியாயம் சொல்ல நீதிமன்றம். ஒருவரை ஒருவர் பிடித்து நிறுத்தலாம். பரீட்சையில் எனக்கு முழு மார்க். பிடித்து நிறுத்தப்பட்டது என் அம்மா என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா என் முகத்தை மறந்துவிடுவாள், ஏர்போர்ட்டில் வேறு பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்றெல்லாம் கற்பனை செய்து பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன். வயிறு சரியில்லையா என்று வெளியிலிருந்து அப்பா கேட்டார். உப்புமாவின் மேல் அவருக்கே சந்தேகம் இருந்தது.

பக்கத்து வீட்டுத் தமிழ் ஆன்ட்டிதான் வழி சொன்னார். "நம்ம ஏரியா காங்கிரஸ் மெம்பர் ஆபீஸ் இங்கதானே இருக்கு, நேர்ல போய்ப் பாருங்க. வெறுங்கையோட போகாதீங்க."

ஊரில் எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிற முறைப்படியே அப்பா கிளம்பினார்: வெள்ளைச் சட்டை, ஒரு டப்பா மைசூர்பாகு, ஜரிகை போட்ட பொன்னாடை, பரிதாபத்துக்கு நான்.

உறுப்பினர் வாஷிங்டனில் இருந்தார். அவருடைய உதவியாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அப்பா உட்காராமல் பொன்னாடையை விரிக்க, அந்தம்மா மிரண்டு பின்வாங்கினார். விஷயம் புரிந்ததும் ஜரிகையைத் தடவிப் பார்த்து, அழகாயிருக்கிறது, ஆனால் வாங்கிக்கொள்ள விதியில் இடமில்லை என்று மடித்துக் கொடுத்தார். மைசூர்பாகுக்கும் அதே கதி.

உங்கள் சார் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார் அப்பா. அவரால் ஓட்டுதான் போட முடியும் என்றார் அந்தம்மா. அப்படியானால் அதிபரிடம் சொல்லுங்கள் என்றேன் நான். காங்கிரஸ் கொடுக்காத பணத்தை அதிபர் தொட முடியாதாம். ஜட்ஜ்? ஜட்ஜ் பட்ஜெட் எழுத முடியாதாம். எல்லாம் நான் பரீட்சையில் எழுதிய பதில்கள்தான்.

"அப்ப யார்தான் பாஸ்?" என்று கேட்டுவிட்டு அங்கேயே ஓவென்று அழுதேன்.

"யாருமே இல்லை, கண்ணா. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒருவர் பாஸாக இருந்து, அவருக்கு உன் அம்மாவைப் பிடிக்காமல் போனால்?" என்றார் அந்தம்மா.

என் வாழ்க்கையிலேயே இதைவிட மோசமான செய்தியை நான் கேட்டதில்லை.

அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு, கதவு திறந்ததும் விசாரிக்கிறேன் என்றார். சொன்னபடி செய்தார். இரண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள், பூட்டுத் திறந்தது, அம்மா வந்து சேர்ந்தாள்; வாணலியைப் பார்த்துத்தான் முதலில் கண்ணீர் விட்டாள். அந்தப் பெண்மணிக்கு மனதுக்குள் நான் போட்ட கும்பிடுகளுக்குக் கணக்கில்லை.

ஆனால் அன்றைக்கு, அந்த அலுவலகத்திலிருந்து வந்து காரில் ஏறியும் அப்பா வண்டியை எடுக்கவில்லை. போன காரியம் நடக்கவில்லை. ஆனாலும் ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கய்யன், உங்க தாத்தா, ஒரு கையெழுத்துக்காக எம்.எல்.ஏ. வாசல்ல வெயில்ல நின்னு மயங்கியே விழுந்தாரு. இங்க நமக்கு ஓட்டுகூட இல்ல. உட்காரச் சொன்னாங்க, பாத்தியா கண்ணு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவைக் கேட்கப் போன இடத்தில் நாற்காலி கிடைத்ததற்கா ஒரு மனிதர் கண் கலங்குவார்? குளிருகிறது, ஹீட்டரைப் போடுங்கள் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.