வாய் மட்டும் அசைந்த பாட்டு

கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த நேரம், ஒன்லைனிலை படிப்பிக்க எங்களைப் பழக்கின வளவாளர் எல்லா ரீச்சர்மாருக்கும் ஒரு படிவம் அனுப்பினார். தனிப்பட்ட இலக்குகள் மூண்டு எழுத வேணுமாம். நான் சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொண்டிலை இருபது வருசமாச் சங்கீதம் படிப்பிக்கிறவள். எனக்கு ஒண்டுதான் இருந்தது. "பிள்ளையள் ஒருமிச்சுப் பாடுறதைக் கேக்க வேணும்" எண்டு எழுதினன்.

அவர் வாசிச்சுப்போட்டுச் சிரிச்சார். "ரீச்சர், அது மட்டும்தான் உதிலை ஏலாது. ஒவ்வொரு வீட்டுச் சத்தமும் ஒவ்வொரு நேரத்துக்கு வரும்."

எனக்கு அது தெரியாதே? நான் ஒரு வரி பாடி, "எங்கை, எல்லாரும்" எண்டால் முப்பது வீட்டுச் சத்தமும் முன்னுக்கும் பின்னுக்குமா வந்து விழும். காது கூசும். கடைசியிலை எல்லாற்றை மைக்கையும் நிப்பாட்டிப்போட்டு, போனைப் பாத்து நான் தனியப் பாடுவன். முடிச்சால் ஒரு சத்தமும் இராது. "சத்தம் போடாதையுங்கோ" எண்டு மேசையிலை அடிச்சே பழகின கை இது. இப்ப அந்தச் சத்தத்துக்காக ஏங்கிப்போனன். சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு, ஒருநாள் வகுப்பு முடிய இருந்து அழுதன்.

வளவாளர் நல்ல மனிசன். ஒரு வழி சொன்னார். பள்ளிக்கூடக் கீதத்தை நான் பாடி அனுப்ப வேணும். பிள்ளையள் அந்தத் தாளத்திலையே தனித்தனியாப் பாடி வீடியோ எடுத்து அனுப்பினால், எல்லாத்தையும் ஒண்டுக்கு மேலை ஒண்டு அடுக்கலாமாம். அந்த அடுக்கிற வேலையைப் பழக எனக்கு ரண்டு கிழமை பிடிச்சுது. வீட்டுக்காரர், "உந்த வயசிலை உமக்கேன் உந்தக் கரைச்சல்?" எண்டார். தேத்தண்ணி பிந்தின கவலை அவருக்கு.

வீடியோக்கள் வரத் தொடங்கிச்சு. மாமரத்தடியிலை ஒண்டு, சாமியறையிலை ஒண்டு. இருபது வருசத்திலை ஒவ்வொரு குரலையும் நான் தனியக் கேட்டது அதுதான் முதல் தரம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒண்டும் அனுப்பியிருந்தா. இரட்டைப் பின்னல், வெள்ளைச் சட்டை, நேரா நிக்கிறா. வாய் அழகா அசையுது. குரல் வரேல்லை. போனிலை பிழையாக்கும் எண்டு காதிலை மாட்டிக் கேட்டன். காகம் கத்துது. கிணத்தடியிலை ஆரோ வாளி வைக்கினம். எல்லாம் துலக்கமாக் கேக்குது, பிள்ளையின்ரை குரல் மட்டும் இல்லை.

கொஞ்ச நேரம் செண்டுதான் எனக்கு விளங்கிச்சுது. முந்தின வருசம் பரிசளிப்பு விழாவுக்குப் பழக்கேக்கை ரண்டாவது வரிசையிலை ஒரு குரல் சுருதி விலகிக்கொண்டே நிண்டது. விழாவுக்கு ரண்டு நாள்தான் கிடக்கு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளையைத்தான் பாத்து, "நீர் சத்தம் விடாதையும், வாயை மட்டும் அசையும்" எண்டன். "ஓம் ரீச்சர்" எண்டு தலையாட்டினா. விழா முடிஞ்சுது, நான் மறந்துபோனன். இனிப் பாடும் எண்டு அவவுக்கு நான் சொல்லவேயில்லை.

அதோடை நிண்டிருந்தாலும் பறவாயில்லை. ரண்டு நாள் கழிச்சு, அண்டைக்கு வரிசையிலை அவவுக்குப் பக்கத்திலை நிண்ட பிள்ளையின்ரை வீடியோ வந்தது. நல்ல உரத்த குரல். அதே இடத்திலை அதே விலகல். நான் பிழையான பிள்ளையைப் பிடிச்சிருக்கிறன்.

உடனை போன் எடுத்தன். தாய் தூக்கினா. "முந்தி நெடுகப் பாடுவா ரீச்சர். இப்ப கேட்டால் தனக்கு வராதெண்டுறா."

பிள்ளையிட்டைக் குடுக்கச் சொன்னன். "பிழை என்ரை, பிள்ளை. அண்டைக்குச் சுருதி விட்டது நீரில்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"பறவாயில்லை ரீச்சர்" எண்டா. கோவிச்சுக் கத்தியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும்.

பாடி அனுப்பும் எண்டு கேட்டன். ஓம் எண்டா. போன் சத்தம் வைச்ச நேரமெல்லாம் அடுப்பை விட்டிட்டு ஓடினன். அவவின்ரை பாட்டு வரேல்லை. மற்றப் பிள்ளையளின்ரை குரலை அடுக்கி முடிச்சன். எல்லாரும் ஒருமிச்சுப் பாடிச்சினம். வளவாளர் அதை மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் போட்டுக் காட்டினார். எனக்கு அதிலை இல்லாத ஒரு குரல்தான் வேண்டிக் கிடந்தது.

பள்ளிக்கூடம் திறந்து பத்தாம் வகுப்புக்கு வந்தவுடனை அவ சங்கீதத்தை விட்டிட்டுச் சித்திரம் எடுத்தா. வழியிலை கண்டால் "வணக்கம் ரீச்சர்" எண்டு சிரிச்சுக்கொண்டு போவா. ஒரு குறையும் சொல்ல ஏலாது.

போன மாசம் சாவகச்சேரிச் சந்தையிலை தாயைக் கண்டன். கத்தரிக்காய் தெரிஞ்சுகொண்டு நிண்டா.

"ரீச்சர், அவ இப்ப திரும்பவும் பாடுறா. குளிக்கேக்கை, உடுப்புத் தோய்க்கேக்கை, எந்த நேரமும் பாட்டுத்தான். பக்கத்து வீட்டுச் சனமும் மதிலடியிலை நிண்டு கேக்குதுகள்."

நல்லது எண்டன். ஒருநாள் வீட்டை வரட்டோ எண்டு கேக்க வாய் வரைக்கும் வந்தது. நான் படலையைத் திறந்தால் பிள்ளை பாட்டை நிப்பாட்டிப்போடும். அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தன்.