குரூப்பிலிருந்து தூக்கப்பட்ட தாய்மாமன்

மன்னித்து மறந்துவிடு என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் மறக்க வேண்டும்? செய்தவன் எப்படியும் மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறான். பட்டவனும் மறந்துவிட்டால் அப்புறம் அதைக் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? நான் மறக்க மாட்டேன். என் தங்கை வீட்டுக்காரர் என்னைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த நேரம். அன்றைக்குச் சாம்பாரில் முருங்கைக்காய் என்பது வரை ஞாபகம் இருக்கிறது.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் குரூப்பை ஆரம்பித்ததே நான். சிதம்பரத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஊர் ஜனங்களுக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் விண்ணப்பித்துக் கொடுப்பது என் பிழைப்பு. சொந்தக்காரர்கள் நாற்பது பேரின் நம்பரைத் தேடிப் பிடித்து, பட்டன் போன் வைத்திருந்தவர்களை நச்சரித்துப் புதுப் போன் வாங்க வைத்து, அந்தக் குரூப்பை உண்டாக்கினேன். கடலூரில் இருக்கும் மாப்பிள்ளையை அட்மின் ஆக்கியதும் நான்தான். தங்கை புருஷன் ஆயிற்றே, ஒரு மரியாதை இருக்கட்டும் என்று. நடுவில் நான் போன் நம்பர் மாற்றியபோது, அட்மின் என்ற முறையில் அவர்தான் என்னைத் திரும்பச் சேர்த்தார். நான் கொடுத்த பதவியை வைத்து என்னையே வெளியே தள்ளினார் மனிதர்.

காரணம் ஒரு பள்ளம். மாப்பிள்ளை ஒரு கட்சியில் சின்னப் பொறுப்பில் இருக்கிறார். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. எதைச் சொன்னாலும் இந்தக் கதையில் ஒரு வரி மாறாது. நான் எந்தக் கட்சியும் இல்லை. இரண்டு பக்கமும் ஓட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் ஏமாந்திருக்கிறேன். அவர் தெருவில் புது ரோடு போட்டபோது, தலைவர் ரிப்பன் வெட்ட, பக்கத்தில் இவர் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் குரூப்பில் போட்டார். ஒன்று இரண்டல்ல, பதினேழு படம். ஒரு மழைதான் பெய்தது. தங்கையைப் பார்க்கப் போன என் ஸ்கூட்டியின் முன்சக்கரம் அந்த ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி, நான் தோளில் ரத்தக்கட்டோடு எழுந்தேன்.

விழுந்த இடத்தைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். "மாப்பிள்ளை, இன்னொரு ரிப்பன் வாங்கி வையுங்கள். குளம் ரெடி, திறந்துவிடலாம்" என்று கீழே எழுதினேன். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் இருபது பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவே ஒன்று போட்டார். கை தவறிப் பட்டுவிட்டது என்று பிற்பாடு சொன்னாராம், நான் நம்பவில்லை. "வளர்ச்சியைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் வீட்டுக்குள்ளும் இருக்கிறார்கள்" என்று மாப்பிள்ளை ஒரு வரி எழுதினார். பதில் தட்டிக்கொண்டே இருக்கிறேன், நீங்கள் இந்தக் குழுவில் இல்லை என்று போன் சொல்கிறது.

ஒருவரைப் பார்த்து, வீட்டை விட்டு வெளியே போ என்று சொல்ல வாய் வேண்டும். எதிரில் நிற்கும் ஆளின் முகத்தைப் பார்க்கிற தைரியம் வேண்டும். குரூப்பிலிருந்து தூக்க ஒரு கட்டைவிரல் போதும். தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது என்று மார்தட்டுகிறார்களே, கோழைகளுக்கு அது செய்த உதவி மாதிரி வேறு யாருக்கும் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம். தொழிலே அதில்தான் என்பதால் சொல்கிறேன்.

தங்கை அன்றைக்கே கூப்பிட்டாள். "விடுண்ணா, ஒரு குரூப்புதான. நான் தனியா உனக்கு எல்லாம் அனுப்புறேன்" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசியே பாதி ஆகிவிட்டாள். விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். விடவில்லை. எனக்கு ஒரு நாள் வரும் என்று தெரியும். அவள் மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது.

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். என் தங்கைக்கு நான் ஒரே அண்ணன். பெரியப்பா சித்தப்பா வழியிலும் ஆண்பிள்ளை கிடையாது. என் மடியை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு மடி இல்லை. தலைவர் வந்தாலும், அவர் கட்சியே திரண்டு வந்தாலும், ஆசாரி ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். போன வருஷம் மொட்டை அடித்ததும் என் மடியில்தான். குரூப்பிலிருந்து தூக்கலாம் மாப்பிள்ளை, இதிலிருந்து எப்படித் தூக்குவீர் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

முறைப்படி மாப்பிள்ளையும் தங்கையும் சேர்ந்து வந்து தாம்பூலம் வைத்து என்னை அழைக்க வேண்டும். தங்கை மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் என் கடைக்கு வந்தாள்.

"அவருக்கு வேல ண்ணா. நீ அத மனசுல வச்சுக்காத. ஸ்ரீமுஷ்ணத்துல, ஞாயித்துக்கெழம, ஒம்பதுலேர்ந்து பத்தரைக்குள்ள. அங்க வந்து எதும் பேசிடாத."

"நான் எதுக்குமா பேசப் போறேன்."

"நீ பேசாம இருந்தாதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள். பிள்ளை என் மேசையில் ஏறி, கைரேகை வைக்கிற மிஷினில் எல்லா விரலையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் ஒத்திகை பார்த்தேன். கடையில் ஓடிபி வருவதற்காக ஜனங்கள் போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நான் மாப்பிள்ளையிடம் பேச வேண்டிய வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்பேன். திட்டம் எளிமையானது. போவேன், ஆனால் மண்டபத்துக்குள் போக மாட்டேன். நேரம் நெருங்கும். மாப்பிள்ளையே என்னைத் தேடி வர வேண்டும். வந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி என்னைக் குரூப்பில் சேர்த்து, தப்பு செய்துவிட்டேன் என்று தன் குரலில் சொல்லிப் போட வேண்டும். அப்புறம்தான் மடி.

ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்பு வழியாகப் போய் இறங்கினேன். மண்டப வாசலில் பேனர். தலைவரின் முகம் தண்ணீர்த் தொட்டி அகலத்துக்கு. கீழே மாப்பிள்ளை கும்பிட்டுக்கொண்டு. காது குத்திக்கொள்ளப் போகிற பிள்ளை ஒரு மூலையில், பாஸ்போர்ட் சைஸில். தாய்மாமன் என்று ஒரு வட்டம் போட்டு என் படத்தை வைத்திருக்க வேண்டும், ஊர் உலகத்தில் அப்படித்தான் வைக்கிறார்கள். வைக்கவில்லை. கொஞ்சநஞ்சம் இருந்த இரக்கமும் அங்கேயே போய்விட்டது. சீர்த்தட்டை என் மனைவியிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஒன்பது ஆயிற்று. ஒன்பதேகால். போன் அடித்தது, எடுக்கவில்லை. மனைவி வந்து, "புள்ள அழுவுது, வந்து தொலைங்க" என்றாள். "அவர வரச் சொல்லு" என்றேன். தங்கை இரண்டு தடவை கூப்பிட்டாள். அதையும் எடுக்கவில்லை. அவள் குரலைக் கேட்டால் எழுந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். இரண்டாவது டீ குடித்தேன். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். முகமெல்லாம் வேர்வை.

"வாங்க மச்சான், நேரம் போவுது."

"பேனர்லதான் ஒரு ஆளு இருக்காரே மாப்ள, அவரு மடியில வச்சுக் குத்துங்க."

"அது கட்சிக்காரங்க வச்சது மச்சான்."

"குரூப்ப விட்டுத் தூக்குனதும் கட்சிக்காரங்கதானா?"

அவர் டீக்கடைக்காரரைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "இத இங்க வச்சுப் பேசணுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இங்கதான் பேசணும். நாப்பது பேரு முன்னாலதான தூக்குனீங்க? போன எடுங்க."

எடுத்தார். என்னைச் சேர்த்தார். என் போன் அதிர்ந்தபோது அடிவயிறு வரை குளிர்ந்தது. அதோடு எழுந்திருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. "இப்ப வாய்ஸ் போடுங்க. தப்புன்னு சொல்லி" என்றேன். அவர் போனை வாயருகே வைத்து, அனைவருக்கும் வணக்கம் என்று மேடைப் பேச்சு மாதிரி ஆரம்பித்தார். நிறுத்தச் சொன்னேன். வணக்கமெல்லாம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வரச் சொன்னேன். இரண்டாவது தடவை, "ஏதோ ஒரு சூழ்நிலையில்" என்றார். அதையும் அழிக்கச் சொன்னேன். சூழ்நிலையா என் நம்பரை அழுத்தியது? மூன்றாவது தடவை, "நான் செஞ்சது தப்பு" என்றார். சத்தம் பத்தவில்லை என்றேன். மனிதர் கட்டைவிரலால் அதையும் அழித்தார். அதே விரல்தானே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலாவது தடவை அவர் வாயைத் திறந்தபோது மண்டபத்துக்குள் மேளம் உச்சத்துக்குப் போனது. கூடவே பிள்ளையின் அலறல். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போனில் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த நொடி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் ரோட்டைத் தாண்டி ஓடினோம்.

கோரைப் பாயில் தங்கை உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில். இடது காதில் தங்கக் கம்பி ஏறியிருந்தது, காது மடல் சிவந்து வீங்கியிருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தயங்கினார். சுற்றி அத்தனை பேரும் நின்றார்கள்.

நான் பாயில் உட்கார்ந்து கையை நீட்டினேன். "குடும்மா. இன்னொரு காது இருக்குல்ல."

அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை. இன்னும் நெருக்கமாக அணைத்துக்கொண்டாள். "ஒரு மணி நேரமா இவ அழுதுகிட்டு இருந்தா ண்ணா. உன்ன நான் வாசல்லேர்ந்து பாத்தேன். டீ குடிச்சுகிட்டு இருந்த" என்றாள். குரல் உயரவே இல்லை. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார். "நீங்களும் போயி அண்ணன்கூடவே உக்காருங்க. முடிச்சுட்டுக் கூப்புடுறேன்" என்றாள். பிறகு ஆசாரியிடம் திரும்பி, "நீங்க குத்துங்க" என்றாள்.

ஆசாரி வலது காதைப் பிடித்தார். பிள்ளை என்னைப் பார்த்து, மாமா மாமா என்று கையை நீட்டிக் கத்தியது. தங்கை அந்தக் கையை மெதுவாக மடக்கித் தன் மாரோடு வைத்துக்கொண்டாள். குத்தி முடிந்தது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்பளை பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "பரவால்லியே, மாமன் இல்லாமலும் ஆவுதே."