கிளப்புக்கு ஒரு பாடு

பழவேற்காடு ஏரியில் எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்குக் காயக் படகு ஓட்ட வகுப்பு நடக்கிறது என்று, பொன்னேரியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் துடுப்புப் போட வகுப்பா என்று கேட்டார்கள். ஊரிலும் முதலில் இதே சிரிப்புதான். ஆனால் எங்கள் பெண்பிள்ளைகள் அதுவரை துடுப்பைத் தொட்டதில்லை. பையன்களோ எஞ்சின் படகைப் பார்த்தே வளர்ந்தவர்கள். வகுப்பு தொடங்கிய இரண்டாவது ஆண்டிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கரையில் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

வகுப்பு நடத்திய பயிற்சியாளர் எங்கள் ஊர்ப் பெண், உடற்கல்வி படித்தவர். படகுகளையும் மிதவைச் சட்டைகளையும் அவருடைய சம்பளத்தையும் சென்னையில் இருந்த ஒரு நிறுவனம் கொடுத்துவந்தது. நான் வகுப்பு நடத்தும் காயக் கிளப்பின் செயலாளர். அதாவது, கூட்டம் எந்தக் கிழமை என்று எல்லோருக்கும் ஞாபகப்படுத்துகிறவன்.

தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், நிறுவனத்திலிருந்து இருவர் வந்தார்கள். உதவி பங்குனியோடு முடிகிறது, இனி கிளப் தன் காலிலேயே நிற்க வேண்டும் என்றார்கள். சுற்றுலா வருகிறவர்களைக் காயக்கில் ஏற்றிக் கட்டணம் வாங்கலாமே என்று வழியும் சொன்னார்கள். பயிற்சியாளருக்கு அது பிடிக்கவில்லை.

"படகுக்காரங்க பொழப்புல கை வெக்கிறதா? அப்புறம் எவன் தன் புள்ளய நம்மகிட்ட அனுப்புவான்?" என்றார் என்னிடம்.

அதே சமயத்தில் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. அங்கே வேலை செய்யும் அவருடைய அக்காள் கணவர் பேசி வைத்த இடம். பங்குனி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் போய்விட்டால் வகுப்பும் போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மாசி முதல் ஞாயிறு, கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். அதில் அவர் முன்னால் வந்து கேட்டது நான் எதிர்பார்க்காத ஒன்று.

"கிளப்புக்கு ஒரு பாடு குடுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். ஏரியில் வலை போட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் எந்த நாளில் எந்த இடம் எந்தக் குடும்பத்துக்கு என்று சீட்டு எடுத்து முறை வைத்துக்கொள்கிறோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் தலைவனாக இருக்கும் குடும்பத்துக்கே அது கிடைக்கும். முறை கிடைத்தவர்கள் தாங்களே வலை இறக்க வேண்டும். பிறருக்கு விற்கக் கூடாது.

முன்வரிசையில் இருந்த ஒருவர் வாயைத் திறந்தார். அவருடைய இரண்டு பெண்களும் வகுப்புக்கு வருகிறவர்கள்.

"ஏம்மா, கிளப்புக்கு எப்ப கல்யாணம் ஆச்சு? ஊருக்குச் சோறே போடலையே!"

"பொண்ணு யாரு மச்சான், அந்த மஞ்சக் காயக்கா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பெண்கள் கூட்டத்தில் உட்காருவதில்லை, மதிலோரமாக நிற்பார்கள். அங்கிருந்து பயிற்சியாளரின் அம்மா குரல் கொடுத்தார்.

"அம்மனுக்கு வருசா வருசம் ஒரு பாடு உடுறீங்களே, அம்மன் புருசனா வந்து வல போடுறான்?"

"சாமி பேச்ச இதுல இழுக்காத," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"நான் எங்கப்பா இழுத்தேன்? குடுத்தது நீங்க."

ஊர்த் தலைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பயிற்சியாளரைப் பார்த்தார். "அம்மனுக்கு ஊரே வல போடுது. கிளப்புக்கு யாரு போடுவா?"

"நாங்கதான் பெரிப்பா. படிப்ப முடிச்ச பசங்க இருக்காங்க, பொண்ணுங்க இருக்காங்க."

"பொண்ணுங்களுமா?"

"பொண்ணுங்களும்தான். லைஃப் ஜாக்கெட் போட்டுகினு."

"அந்தக் கலர பாத்தா எறா ஆந்திராவுக்கே ஓடிடும்!" என்றார் முன்வரிசைக்காரர். ஆனால் கை தூக்கச் சொன்னபோது முதலில் தூக்கியதும் அவர்தான். ஒரு வருஷத்துக்குப் பார்க்கலாம் என்று முடிவானது.

சீட்டில் எங்களுக்கு வந்தது முகத்துவாரம் பக்கம் உள்ள இடம். மணல் தூர்ந்து ஆழம் குறைந்த இடம் என்பதால் யாரும் விரும்பி எடுப்பதில்லை. பங்குனி இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை பிற்பகல், பெண்களும் பையன்களுமாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலை கட்டக் கழி ஊன்றினார்கள். வலையை இரவல் தந்தவர் அந்த முன்வரிசைக்காரர். கரையில் நின்று, "கழிய ஊனுறியா, இல்ல கோலம் போடுறியா?" என்று தன் பெரிய பெண்ணை விரட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடியலில் வலையை எடுத்தோம். இறால் ஓரளவு, நண்டு கொஞ்சம், மடவை மீன் ஒரு கூடை. விற்றதில், கிழிந்த மிதவைச் சட்டைகளை மாற்றலாம். பயிற்சியாளர் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். முறை மறுபடியும் வரும்தான். ஆனாலும் தொழிற்சாலைச் சம்பளத்துக்கு இது ஈடாகாது. அதை மறைக்காமல் அவரிடம் சொன்னேன். அவர் சட்டைகளைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்.

மாலையில் ஊர் வரி வாங்குகிறவர் கிளப் கொட்டகைக்கு வந்தார். பாடு எடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஊருக்கு வரி கட்ட வேண்டும். நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை.

"மொத பாட்டுக்கேவா சித்தப்பா?" என்றார் பயிற்சியாளர்.

"பின்ன? பாடு எடுத்தா குடும்பம், குடும்பம்னா வரி. லேட்டானா அபராதமும் உண்டு. ரசீதுல குடும்பத் தலைவர்னு யார் பேர எழுதுறது?"

வரி வாங்குகிறவர் என்னைப் பார்த்தார். எங்களில் கல்யாணமான ஆண் நான் ஒருவன்தான். நான் வாயைத் திறப்பதற்குள் பயிற்சியாளர் சொன்னார்: "எம் பேர எழுது."

பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதியது. அவர் போன பிறகு பயிற்சியாளர் கும்மிடிப்பூண்டிக்குப் போன் செய்தார்.

"மாமா, அந்த வேலைய வேற யாருக்காவது குடுக்கச் சொல்லு. இங்க வரி கட்டிட்டேன்."

மறுமுனையில் மாமா போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. "வரி கட்டினா இன்னா? திருப்பி வாங்கினு வா!"

"தர மாட்டாங்க மாமா," என்று சொல்லிவிட்டு, ஈரச் சட்டைகளைக் கொடியில் போடத் தொடங்கினார்.