அம்மா பிடித்த சுக்கான்

அப்பா வேலை பார்த்த ஆபீஸின் முதலாளி ஒரு பார்சிக்காரர். அவரிடம் பாய்மரப் படகு ஒன்று இருந்தது. யாட் என்று சொல்லவேண்டும். படகு என்றால் அப்பா திருத்துவார். வருஷத்துக்கு ஒருமுறை ஆபீஸில் யாராவது ஒருவரைக் குடும்பத்தோடு அலிபாக் வரை அதில் அழைத்துப்போவது முதலாளியின் வழக்கம். அறுபதுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம் எங்கள் முறை வந்தது. எனக்கு ஒன்பது வயது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மாதுங்காவில் எங்கள் கட்டடத்து மாமிகள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

அம்மாவுக்கு மட்டும் இஷ்டமில்லை. "நேக்கு நீந்தத் தெரியாதேன்னா" என்றாள்.

"நேக்கு மட்டும் தெரியுமா? சேட் கூப்பிட்டா எப்படிடீ மாட்டேங்கறது?" என்றார் அப்பா. அம்மா தயிர்சாதம் கட்டினாள்.

சனிக்கிழமை காற்று பின்னாலிருந்து தள்ள, மத்தியானத்துக்குள் அலிபாக் போய்விட்டோம். முதலாளியும், அவரிடம் வெகுகாலமாக வேலை பார்த்த கோலி இனத்து மீனவர் ஒருவரும் படகை ஓட்டினார்கள். அப்பா அரைமணி நேரத்திலேயே வாந்தியெடுக்க ஆரம்பித்திருந்தார். ராத்தங்கிய பங்களாவில், திரும்பிப்போக ரயில் உண்டா என்று காவல்காரரிடம் ரகசியமாக விசாரித்தார். கிடையாது.

ஞாயிறு காலை பத்து மணிக்கே காற்று ஏறிவிட்டது. இப்போது அது எதிர்க்காற்று. இடப்பக்கம் கொஞ்ச தூரம், வலப்பக்கம் கொஞ்ச தூரம் என்று குறுக்கும் நெடுக்குமாகத்தான் போகமுடிந்தது. படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, அலை உள்ளே வந்து விழுந்தது. அப்பா கீழே அறையில் சுருண்டு கிடந்தார். நான் அம்மாவின் புடவையை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

கண்டேரி தீவைத் தாண்டியதும் மீனவரின் கையிலிருந்து ஒரு கயிறு உருவிக்கொண்டு ஓடியது. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் கொட்டியது. பெரிய பாயைப் பாதியாகச் சுருக்காவிட்டால் படகு கவிழும், ஒற்றைக் கையால் அவரால் அது முடியாது. முதலாளி சுற்றிப் பார்த்தார். மிச்சம் இருந்தது நானும் அம்மாவும்தான்.

"பாயி, ஏ பகடோ", இதைப் பிடி என்று சுக்கான் கட்டையை அம்மாவின் கையில் திணித்தார். பாய் படபடத்தால் உன் பக்கம் இழு, படகு ரொம்பச் சாய்ந்தால் தள்ளு என்று இந்தியில் கத்திவிட்டு முன்பக்கம் ஊர்ந்து போனார். அம்மாவின் இந்தி காய்கறிக்காரரோடு பேரம் பேசும் அளவுக்குத்தான். ஆனாலும் புரிந்துகொண்டாள்.

"என்னை விடுடீ. அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கோ" என்றாள். விட்டேன். அவள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எதிர்ப்பலகையில் காலை ஊன்றி, பாயின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழுத்தாள், தள்ளினாள். பெரிய அலை ஒன்று முகத்தில் அடித்தபோது சிரித்தாள். கதவிடுக்கில் வெளிறிய முகத்தோடு அப்பா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயைச் சுருக்கிக் கட்டிவிட்டு முதலாளி வந்து கையை நீட்டினார். அம்மா உடனே கொடுக்கவில்லை. "இருங்கோ" என்றாள், தமிழிலேயே. அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் மாடி மாமியிடம் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். தான் வாந்தியெடுத்ததைக்கூட மறைக்கவில்லை. "இவதான் மாமி சுக்கானைப் பிடிச்சா! இல்லேன்னா நாங்க இல்லே!"

"ஐயே, அவர் பேச்சைக் கேக்காதீங்கோ. நான் கண்ணை இறுக்க மூடிண்டு அம்பாளைக் கூப்ட்டுண்டிருந்தேன்" என்றாள் அம்மா.

மாமி என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடீ கொழந்தை." அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

"அம்மா படுத்துண்டுதான் இருந்தா" என்றேன்.

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவர் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமாம், மயக்கத்துல நேக்குத்தான் என்னமோ தோணியிருக்கு" என்றார். மாமி சிரித்துக்கொண்டே மாடியேறினாள்.

எனக்கு அழுகையாக வந்தது. நான் மட்டும் அப்படிச் சுக்கான் பிடித்திருந்தால் மாதுங்கா முழுக்கச் சொல்லியிருப்பேன். அம்மா அந்த நேரத்தைத் தனக்கென்றே வைத்துக்கொண்டு ஒருவருக்கும் தரமறுத்ததும், அப்பா அவளுக்காகப் பொய்யராக இசைந்ததும் அன்று எனக்கு விளங்கவில்லை.